எச்சில் பட்ட அரக்கு நூல்

முந்தின நாள் சாயங்காலம் நான் தின்ற முட்டை தோசையை அந்த இயந்திரம் திரையில் போட்டுக் காட்டிவிடும் என்று நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு நாள் முழுசாக நம்பினேன். வேதியியலில் பட்டம் வாங்கி, அந்த இயந்திரத்தோடேயே மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவன் நம்பினேன். முட்டையில் இருப்பது புரதம். இயந்திரம் பார்ப்பது புரதம். தோசை போன வழி என் வாய். அந்த வாய் பட்டது பெருமாளுக்கு நெய்த வஸ்திரத்தின் நூலில். இதில் எந்த வரி தப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் சட்டென்று சொல்லத் தெரியாது. அதனால்தான் அது அவ்வளவு பயங்கரமாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. செல்போன் கைக்கு வந்திருந்தது. ஆனால் மணி அடித்துவிட்டு வைப்பதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகிற வழியில் ஒரு கல்லூரி, அதன் பின்கட்டில் ஒரு ஆய்வுக்கூடம், அதில் ஒரு அகச்சிவப்பு நுண்ணோக்கி, அதற்கு ஒரு பூசாரி. பூசாரி நான். சின்னக் காஞ்சிபுரத்தில் பிறந்தவன் எங்கே போனாலும் கடைசியில் ஏதாவது ஒன்றுக்குத் திருவாராதனம் பண்ணத்தான் போகிறான் என்று என் மனைவி சொல்வாள்.

அது ஆசாரம் பார்க்கிற இயந்திரம். காற்றில் ஈரம் இருந்தால் ஆகாது. அதனால் எந்நேரமும் உலர்ந்த காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் மூச்சிலுள்ள ஈரமே படத்தைக் கெடுத்துவிடும். மாதிரியை வைக்கிற வில்லை உப்பில் செய்தது. கை வியர்வை பட்டாலே மங்கிப்போகும். அதன் கண் வேலை செய்ய வேண்டுமானால் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம். வாரா வாரம் திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு வேன் நைட்ரஜன் கொண்டுவரும். அதை ஒரு பெரிய குடுவையில் வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளைப் புகை காலைச் சுற்றிக்கொண்டு போக, நான் முகமூடியும் கையுறையுமாக ஊற்றுவேன். பார்க்கிறவர்களுக்கு எமலோகத்தில் சமையல் நடக்கிற மாதிரி இருக்கும்.

அது என்ன செய்யும் என்பதை இந்த ஊர்க்காரனுக்குச் சொல்வது சுலபம். தறி ஓடுகிற தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வீட்டில் புதுத் தறி, எந்த வீட்டில் பலகை தேய்ந்துபோயிருக்கிறது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சத்தத்திலேயே தெரியும். மூலக்கூறுகளும் அப்படித்தான், சும்மா இருப்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அவற்றின் மேல் விட்டால், தன் ஆட்டத்துக்கு ஒத்த அலையை ஒவ்வொன்றும் விழுங்கிக்கொள்ளும். எதை விழுங்கியது என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பட்டும் புரதம், முட்டையும் புரதம், மாட்டுத் தோலும் புரதம். ஆனாலும் மடிந்திருக்கிற விதம் வேறு. விழுங்குகிற அலை மயிரிழை அளவுக்குத் தள்ளிப்போகும். சாயம் ஏற்ற வேண்டாம், மருந்து தடவ வேண்டாம், அடையாளம் ஒட்ட வேண்டாம். புள்ளி புள்ளியாக நகர்ந்து, எந்த இடத்தில் எந்தப் புரதம் என்று அதுவே ஒரு வரைபடம் போட்டுவிடும்.

இதை நான் வாயை மூடிக்கொண்டு எனக்குள்ளே வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன சன்னதி. அதை நடத்திவந்தவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்; தெருவில் எல்லாருக்கும் அவர் பெரியவர். அங்கே வருஷத்துக்கு ஒரு முறை உற்சவத்துக்காக அரக்கு நிறத்தில் ஒரு வஸ்திரம் நெய்யப்படும். பட்டு நூல் வாங்கிச் சாயம் போட்டுத் தருவது சன்னதி. அதற்குக் கஞ்சி போட்டு நெய்து தருவது நான்கு தெரு தள்ளி இருந்த ஒரு நெசவாளி. எட்டு வருஷமாக அவர் தறிதான். அந்த வருஷம் திருமஞ்சனத்தில் நனைந்த வஸ்திரத்திலிருந்து ஒரு வாடை வந்தது. மடிப்பும் விறைப்பாக இருந்தது. யாரோ ஒருவர் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்: வஜ்ரம்.

வஜ்ரம் என்றால் தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. நூல் விறைப்பாக நிற்க வேண்டும் என்று நெசவாளி கஞ்சியோடு அதைக் கலந்துவிட்டார் என்பது சந்தேகம். பெருமாள் மேல் மாட்டுத் தோல். இது பரவினால் அந்த மனிதர் சன்னதி நெசவை மட்டும் இழக்கமாட்டார். தெருவில் அவர் பெயரே வஜ்ரம் என்றாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தீர்த்தம் வாங்க நிற்கும்போது இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நெசவாளி தூண் ஓரமாகத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான்தான் சும்மா இருக்காமல் வாயைத் திறந்தேன்.

"எங்க மிஷின்ல வெச்சா ஒரு நாள்ல சொல்லிடும் மாமா."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாயத்தைப் போட்டுப் பார்ப்பாளாக்கும். நூலே அரக்கு. அதுமேல எந்தச் சாயத்தைப் போட்டு எதைக் கண்டுபிடிக்கறது?"

"சாயமே வேண்டாம். நூல் நூலாவே இருக்கும். வெளிச்சம் மட்டும்தான்."

"வெளிச்சம் மட்டுமா. அப்போ பெருமாளுக்கும் ஆட்சேபணை இருக்காது."

"பாத்துரலாம் சாமி," என்றார் நெசவாளி. அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் அவருக்குச் சாமிதான். "எனக்கும் அதான் வேணும். மனுசன் சொன்னா நம்ப மாட்டாங்க. மிசினு சொல்லட்டும்."

பெரியவர் வஸ்திரத்தின் முந்தியிலிருந்து தானே மூன்று துண்டு நூல் கத்தரித்து ஒரு கல்யாணக் கவரில் போட்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பேப்பர் வரணும்டா. சனிக்கிழமை அடுத்த வருஷத்து வஸ்திரத்துக்குத் தறியில நீளநூல் பூட்டிப் பாவு ஏத்த நாள் பார்த்தாச்சு. ஏறின பாவை நடுவுல இறக்கற வழக்கம் இல்லே. இவர் தறியா வேற தறியாங்கறது அதுக்குள்ள தெரிஞ்சாகணும்."

"புதன்கிழமையே தந்துடறேன்," என்றேன். வாய்க்கு வலிக்கவா போகிறது.

செவ்வாய்க்கிழமை காலை நூலைத் தயார் செய்தேன். விரல்நகம் அளவு அச்சு ஒன்று இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஊசிக்கண் மாதிரி துளை. நூலை ஒரு துளையில் விட்டு மறு துளையில் இழுத்து, விறைப்பாகக் கட்டி, மேலே உருக்கிய மெழுகை ஊற்றி இறுகவிட வேண்டும். பிறகு கத்தி வைத்த இயந்திரத்தில் குறுக்காக, கண்ணுக்கே தெரியாத மெல்லிய சீவல்களாக அரிய வேண்டும். வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே வட்டம் வட்டமாகத் தெரியுமே, அதே மாதிரி. பட்டு நூலின் முனை பிரிந்து பிரிந்து நின்றது. துளைக்குள் போகமாட்டேன் என்றது. இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை, ஊசியில் நூல் கோக்கிற எவனும் செய்வதைச் செய்தேன். முனையை வாயில் வைத்து உதட்டால் ஒரு இழுப்பு. கூராகிவிட்டது. சமர்த்தாக உள்ளே போய்விட்டது. மெழுகை ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது நெசவாளி தெருமுனையில் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"உள்ள ஒரு நிமிசம் வந்துட்டுப் போ சாமி."

தறிக் குழி பக்கத்தில் ஒரு செம்புக் கிண்ணி இருந்தது. அதில் பாதி தண்ணீர்.

"இது எதுக்குத் தெரியுமா? நூலு அறுந்தா நாங்க கையை நாக்குல வெச்சு ஈரம் பண்ணிக்கினுதான் முறுக்குவோம். எல்லாத் தறியிலயும் அப்படித்தான். பெருமாள் துணிக்கு மட்டும் மாட்டேன். இந்தத் தண்ணியைத் தொட்டுத்தான். எட்டு வருசமா ஒரு இழை என் வாயில பட்டதில்ல சாமி. எச்சிலே படாம நெய்யறவன் மாட்டுத் தோலைப் போடுவனா?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நாக்குதான்.

"மாட்டீங்கண்ணா," என்றேன்.

"மிசினுல எச்சிலு கூடத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கறேன்."

"நல்லதாப் போச்சு," என்றார். "அப்ப என் நூலு சுத்தம்னு அதுவும் தெரிஞ்சிரும்."

வீட்டுக்கு வந்து பல் தேய்த்தேன். சாப்பிட்டுவிட்டுத் தேய்த்தேன். காபி குடித்துவிட்டுத் தேய்த்தேன். மனைவி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"ஏன்னா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் என்னத்தைத் தின்னேள்?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு பேஸ்ட்?"

செய்த பாவம் நேற்றையது. நூலை வாயில் வைத்தது இன்று காலை. இப்போது தேய்த்து என்ன பயன்? ஆனால் பயத்துக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது. எச்சிலில் புரதம் உண்டு. அது எனக்கு நன்றாகத் தெரியும். எச்சில் பட்ட இடத்தைப் படத்தில் பார்த்து, பட்டு அல்லாத வேறு புரதம் இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்து மேடம் எழுதிவிடுவார். வேறு புரதம் என்ற இரண்டு வார்த்தை போதும். பெரியவருக்கு அது வஜ்ரம்தான். எட்டு வருஷம் தண்ணீர்க் கிண்ணி வைத்து நெய்த மனிதரை என் உதடு ஒரே இழுப்பில் முடித்துவிட்டது. உண்மையைச் சொல்லலாம் என்றால், பெருமாள் நூலை எச்சில் பண்ணினேன் என்று சொல்ல வேண்டும். அதிலும் முட்டை எச்சில். எங்கள் தெருவில் அதற்குப் பரிகாரம் இருக்கிறதா என்று கேட்கவே யாராவது காசிக்குப் போக வேண்டியிருக்கும்.

புதன்கிழமை காலை மேடத்திடம் மெதுவாக ஆரம்பித்தேன். மேடம் என்பது ஆய்வுக்கூடத்தின் தலைவி. தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போய்ப் படித்து முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர். ஆனால் பேச்சு ஏரிக்கரையை விட்டு நகரவே இல்லை.

"மேடம், எச்சில் பட்டா படத்துல தெரியுமா?"

"படற இடத்துல பட்டா தெரியும். ஏன்பா, யார் மேல துப்பப் போற?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

"மூணு வருசமா தெரிஞ்சுக்காதவன் இன்னிக்கு எதுக்கு தெரிஞ்சுக்கற? போய் நைட்ரஜன் ஊத்து."

வஜ்ரம் எப்படி இருக்கும் என்று இயந்திரத்துக்கு முதலில் காட்டவேண்டும் என்று, நூல் விஷயத்தைச் சொன்ன அன்றே மேடம் கடைத்தெருவில் ஒரு தச்சரிடமிருந்து ஒரு சில்லு வாங்கிவரச் சொல்லியிருந்தார். வெல்லம் மாதிரி பளபளவென்று இருந்தது. நனைத்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதன் அலையைப் பதிவு செய்துகொண்டோம். பிறகு நேற்றைய மெழுகுக் கட்டியிலிருந்து மேடமே ஒரு சீவல் எடுத்து உப்பு வில்லையில் வைத்தார்.

"ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சா நாலு மணிக்கு முடியும். மத்தியானம் மறக்காம ஊத்திடு. நான் கிளாசுக்குப் போறேன். படம் பாதியில நிக்கக் கூடாது, ஆமா."

தனியாக உட்கார்ந்தேன். மூச்சை ஓரமாகத் திரும்பி விட்டேன். திரையில் மேலிருந்து வரி வரியாக நிறம் இறங்கிவந்தது. நிறம் எல்லாம் பொய் நிறம். கணினி தன் வசதிக்குக் கொடுப்பது. அரக்கு நூல் திரையில் நீலம். பட்டு இருக்கிற இடம் நீலம். பட்டிலிருந்து விலகிய புரதம் எதுவாக இருந்தாலும் சிவப்பு. முதல் ஒரு மணி நேரம் நீலம். இரண்டாவது மணி நேரமும் நீலம். எனக்கு மெல்ல உயிர் வந்தது. ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

பதினொன்றரைக்கு ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

அடுத்த வரியில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று சேர்ந்து நின்றன. நூலின் ஓரமாக, இழைகளுக்கு நடுவே, அது ஊறிப் பரவிக்கொண்டே வந்தது. அறையில் உலர்ந்த காற்று உஸ் என்று போகிற சத்தம் தவிர எதுவும் இல்லை. சிவப்பு ஒரு உதட்டின் வடிவத்துக்கு வந்துவிட்டது என்று சத்தியமாக எனக்குத் தோன்றியது. கீழுதடு. என் கீழுதடு.

அந்தத் திட்டு என்ன என்று அப்போதே பார்த்திருக்கலாம். படம் முடிந்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் அதன் அலை கோடாக வரும். அதை வஜ்ரத்தின் கோட்டோடு வைத்துப் பார்த்தால் இதா அதா என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் படம் முடிய வேண்டும். முடிந்தால் மேடம் பார்ப்பார். நாலு மணிக்கு முடியும்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், நைட்ரஜன் குடுவையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் சாய்த்தேன். அடி வரைக்கும் கொட்டினேன். வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து மதில் ஓரம் போய்ப் படுத்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து என்னைப் பார்த்துவிட்டு, குரைக்காமல் போய்விட்டது. குரைத்திருந்தால் தேவலை. சருகுகள் வெள்ளையாகி மொரமொரவென்று உடைந்தன. எனக்கு அப்போது பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. இயந்திரத்தின் கண் சூடாகும், படம் நிற்கும், மிச்சமிருக்கிற இரண்டு துண்டில் ஒன்றை எடுத்து, வாயே படாமல் புதிதாகத் தயார் செய்வேன், சுத்தமான படம் வரும். நெசவாளி தப்பித்தார், நானும் தப்பித்தேன். யாருக்கும் நஷ்டம் இல்லை.

அடுத்த நைட்ரஜன் திங்கட்கிழமைதான் வரும் என்பது, காலிக் குடுவையோடு உள்ளே வந்து, சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் இருந்தது.

ஒன்றே முக்காலுக்குத் திரை நின்றது. பாதிப் படம், நடுவில் சிவப்பு. அதை நான் அழித்துவிட்டேன்.

மேடம் வந்து குடுவையை ஆட்டிப் பார்த்தார். "என்னாபா, திங்கக்கிழமதான வந்துது? ஓட்டையா?"

"மூடி சரியில்லைன்னு நினைக்கறேன் மேடம்."

"சென்னைக்குப் போன் போடு, எக்ஸ்ட்ரா அனுப்புவானான்னு கேளு." போட்டேன். திங்கட்கிழமைக்கு முன்னால் வண்டி இல்லை என்றார்கள். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நெசவாளிக்குச் சொல்லிரு. பாவம், காத்துக்கினு இருப்பாரு."

வியாழக்கிழமை இடுக்கியால் நூலைப் பிடித்து, தண்ணீரில் நனைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு இரண்டாவது கட்டியைத் தயார் செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சன்னதிக்குப் போனேன். போகாமலிருக்க எத்தனையோ வழி யோசித்தேன். காய்ச்சல்கூட முயன்று பார்த்தேன், வரவில்லை.

பெரியவர் படி ஓரமாக உட்கார்ந்திருந்தார். நெசவாளி அதே தூண் ஓரம். துண்டு அதே மாதிரி கையில்.

"பேப்பர் எங்கேடா?"

"படம் எடுக்கலை மாமா. நைட்ரஜன் தீர்ந்துபோச்சு. திங்கட்கிழமை வரும்."

"தீர்ந்துபோச்சு," என்றார் பெரியவர். பிறகு நெசவாளி பக்கம் திரும்பாமலே, "எனக்குப் புரிஞ்சுடுத்து. நீ நல்ல பையன்டா. ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார்.

"இல்லை மாமா, நிஜமாவே தீர்ந்துதான்..."

"சரி, சரி. விடு."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய்யை, கெட்ட சேதியை மறைக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டவர் அவர்தான். ஒரே பொய் என்பதும் பொய்தான், போகட்டும்.

நெசவாளி என் பின்னாலேயே தெருவுக்கு வந்தார். "சாமி. ஏதாச்சும் இருந்துதா? இருந்தா இப்பவே சொல்லிரு. எனக்குத் தெரியாம என் கஞ்சியில எவனாச்சும் கலந்துட்டானா?"

அவருக்கே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எச்சிலைப் பற்றி, சிவப்பைப் பற்றி, வேப்பமரத்தைப் பற்றி. பெரியவர் பத்தடி தூரத்தில் இருந்தார்.

"திங்கட்கிழமை தெரிஞ்சுடும் அண்ணா," என்றேன்.

"நாளைக்கு நாளு பாத்துக்கீறாங்களே," என்றார்.

சனிக்கிழமை பாவு ஏறியது. வேறு தெருவில், வேறு தறியில். மேளம் ஒன்றும் இல்லை. தேங்காய் உடைத்தார்கள், அவ்வளவுதான். நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் ஒருவர், "மிசின்லயே தெரிஞ்சிபோச்சாமே" என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அரை டீயோடு எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேன் வந்தது. மேடம் அன்று வகுப்புக்குப் போகாமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் இடுக்கியால் தயார் செய்த இரண்டாவது கட்டியின் சீவல். காலை முழுவதும் நீலம். பிறகு நூலின் ஓரத்தில் சிவப்பு. அதே இடத்தில் இல்லை. ஆனால் அதே மாதிரி, இழைகளுக்கு நடுவே ஊறினாற்போல.

என் வாயே படாத நூல் அது.

"வஜ்ரமா மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் சிவப்பு மேல் அம்பை வைத்துத் தட்டினார். ஒரு கோடு வந்தது. வஜ்ரத்தின் கோட்டை அதன் மேல் போட்டார். இரண்டும் ஒட்டவில்லை. வேறு ஒரு கோட்டைக் கொண்டுவந்து போட்டார். அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"பட்டோட கோந்துபா இது. புழு ரெண்டு இழையை ஒட்டிக்கினு கூடு கட்டறதுக்கு அதுவே சுரக்கற பசை. அதுவும் புரதம்தான். சாயம் போடறதுக்கு முந்தி நூலை வேகவெச்சு இதை எடுத்துரணும். சரியா வேகல. அதான் விறைப்பு. ஈரத்துல கிடந்தா வாடையும் அடிக்கும். வஜ்ரமும் இல்ல, கிஜ்ரமும் இல்ல. நெய்யறவரு மேல ஒண்ணும் தப்பில்ல, நூலு குடுத்தவங்களைக் கேக்கணும்."

அப்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். உதடு, தோசை, உதட்டு வடிவத் திட்டு, வேப்பமரம். அவர் நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. முதல் கட்டியை எடுத்துவரச் சொன்னார். அச்சுக்கு வெளியே நீண்டிருந்த நூல் முனையை நான் எப்போது வெட்டினேன் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமையே, மெழுகு இறுகினதும் என்றேன்.

"நீ வாயில வெச்ச முனை துளையில பூந்து அந்தப் பக்கம் வந்துதில்ல? அதான் நீ வெட்டிக் குப்பையில போட்ட துண்டு. நான் சீவினது நடுவுல. உன் எச்சிலு மிசினு பக்கமே வரல." கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "நீ கொட்டின நைட்ரஜன் இருந்திருந்தா புதன்கிழமையே இதைப் படிச்சிருப்பேன்பா," என்றார்.

அறிக்கையை அன்றைக்கே கையில் கொடுத்தார். நான் முதலில் நெசவாளி வீட்டுக்குத்தான் போனேன். தறி நின்றிருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது பழக்க தோஷத்தில் முட்டை தோசை பகுதியை வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவுது சாமி? அவருகிட்டப் போய் சொல்லு."

போய்ச் சொன்னேன். பெரியவர் தாளை இரண்டு தரம் படித்தார். நூல் சரியாக வேகவில்லை என்ற வரியில் அவர் விரல் நின்றது. அந்தப் பட்டைக் கடையில் பார்த்து வாங்கியதும், சாயத்துக்குக் கொடுத்ததும் அவர்தான். பிறகு, "எச்சில் பட்ட துண்டைத் திரும்பச் சன்னதிக்குள்ளே கொண்டுவரலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை தானே நடந்து நெசவாளி வீட்டுக்குப் போய், தப்பு தன் நூலில்தான் என்று வாசலில் நின்று சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

ஆனால் பாவு ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது. இறக்கவில்லை. அடுத்த உற்சவத்து வஸ்திரத்தை வேறு தறிதான் நெய்தது. அதற்கடுத்த வருஷம் சன்னதியிலிருந்து நெசவாளியைக் கேட்டுப் போனார்கள். தறியில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.